முகப்புத்திரையைக் கட்டம் பிரிக்கும் மென்பொருள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

கணினியின் முகப்புத்திரையில் சிதறிக் கிடக்கும் கோப்புகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கும் மென்பொருளை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில், என் வேலைக்கு அது எவ்வளவு உதவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிடிஎஃப் ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம் என்று வகைவாரியாகப் பிரிப்பதைப் பலரும் புகழ்கிறார்கள். எல்லாப் பட்டறைகளின் பிடிஎஃப் கோப்புகளும் ஒரே கட்டத்தில் குவிந்தால் குப்பை இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. கோப்பின் பெயரை வைத்துப் பிரிக்கும் விதிதான் இதன் உயிர். ஜிஎஸ்டி பதிவு எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வணிகரின் பான் எண். ஆகவே பான் எண்ணை விதியாகக் கொடுத்துவிட்டால், அதைப் பெயரில் தாங்கி வரும் கோப்பு ஜிஎஸ்டி சார்ந்ததாயினும் வருமான வரி சார்ந்ததாயினும் உரியவரின் கட்டத்தில் தானே போய் அமர்ந்துவிடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் பில் படங்களுக்கு இந்த வித்தை பலிக்காது. அவற்றின் பெயரில் தேதியும் நேரமும்தான் இருக்கும்.

வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கினால் அனைத்தும் மறையும் வசதியும் உண்டு. மறைப்பதற்கு விண்டோஸிலேயே வழி இருப்பதால் அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

என் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. பட்டறைக்கு எடுத்துச் செல்வதற்காக மடிக்கணினியை அலுவலகத்தின் பெரிய திரையிலிருந்து கழற்றியதும், கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. திரும்ப இணைத்தாலும் பழைய இடத்துக்குப் போவதில்லை. மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி செலுத்தும் படிவமான 3பி என்று கெடு இருக்கையில், பட்டறை முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கட்டங்களை இழுத்து இழுத்து வைப்பது எரிச்சலூட்டும் வேலை. அமைப்பைச் சேமித்து வைத்து மீட்கலாம் என்கிறார்கள். மீட்டால், சேமித்த பின் வந்த கோப்புகள் எந்தக் கட்டத்திலும் சேராமல் ஓரமாக நிற்கின்றன. திரையின் அளவு மாறும்போது விண்டோஸும் கோப்புச் சின்னங்களைக் கலைத்துப் போடுவதுண்டு என்பதால் பழி முழுவதையும் இதன் தலையில் போடுவது நியாயமன்று. ஆனால் அந்தக் கலைசலைத் தீர்ப்பதாகச் சொல்லித்தானே சந்தா வாங்குகிறார்கள்?

இன்னொன்றையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். கட்டம் என்பது கோப்புறை அன்று. திரையில் வரைந்த கோடு மட்டுமே. எக்செலுக்குள்ளிருந்து கோப்பைத் திறக்கப் போனால், முகப்புத்திரை என்னும் ஒரே கோப்புறைக்குள் எல்லாம் பழையபடி குவிந்தே கிடக்கும்.

எனவே, கேட்பவர்களிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். என்னுடையதை மட்டும் இந்த ஆண்டுக்கும் புதுப்பித்திருக்கிறேன். 3பி நெருங்கும் வேளையில் பான் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.