பிளேடேட்: கைப்பிடி சுற்றி விளையாடும் மஞ்சள் பெட்டி

பேனிக் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த பிளேடேட், உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் நிறக் கேம் கருவி. திரை வெறும் கறுப்பு வெள்ளைதான், 400-க்கு 240 புள்ளி, ஆனால் படமெல்லாம் அச்சடித்த மாதிரி அவ்வளவு துல்லியம். பக்கவாட்டில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது (சார்ஜ் ஏற்ற இல்லை, விளையாடத்தான்). டீனேஜ் எஞ்சினியரிங் என்ற ஸ்வீடன் மின்னணுக் கருவி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. வழவழவென்று சுற்றுகிறது, மடக்கி உள்ளே வைத்தால் சின்னதாக ஒரு சத்தம் வேறு கொடுக்கிறது, அதற்காகவே சும்மா திறந்து மூடத் தோன்றும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேம்கள் வந்து சேரும் விதம். கருவியோடு கிடைக்கும் 24 கேமையும் மொத்தமாகக் கொட்டிவிடாமல் வாரம் இரண்டாக 12 வாரத்துக்கு அனுப்புகிறார்கள். அதுவும் முகப்புத் திரையில் பரிசுக் காகிதம் சுற்றிய பொட்டலமாக வந்து உட்கார்ந்திருக்கும், பட்டனை அழுத்தினால் பிரியும். எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், சிலதை ஐந்து நிமிடத்தில் மூடிவிடலாம்.

திரைக்குப் பின்னொளி கிடையாது, அதனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே விளையாடலாம் என்று நினைக்காதீர்கள். அறிமுக விலை 179 டாலர், அப்புறம் ஏறிவிட்டது. இந்த வேலைப்பாட்டுக்குக் கொடுக்கலாம், கொடுக்கிற காசுக்கு எத்தனை கேம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் வேறு வாங்குங்கள்.