மோயஸ் காலம்: திட்டு நியாயம், முழுப் பழி அல்ல

2013 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் மேலாளராக, ஃபெர்குசனின் நாற்காலியில் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு அமர்ந்த டேவிட் மோயஸ், 2014 ஏப்ரல் 22 அன்று வெளியேற்றப்பட்டார். முந்தைய சீசனில் 89 புள்ளியோடு இங்கிலாந்து லீக் பட்டம் வென்ற அணி, 64 புள்ளியோடு ஏழாம் இடத்தில் முடித்தது.

முதல் கோளாறு பயிற்சிக் குழுவில். ஃபெர்குசனின் பயிற்சியாளர்கள் ஃபீலன், மியூலன்ஸ்டீன், ஸ்டீல் மூவரும் போய், மோயஸின் பழைய அணியான எவர்டனில் இருந்தவர்கள் வந்தார்கள். வீரர்களை நன்கறிந்த கை ஒன்றையாவது வைத்திருக்கலாம்.

ஆட்டமுறை அதைவிட மோசம். பந்தை விளிம்புக்குத் தள்ளு, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் தூக்கிப் போடு (இதுதான் கிராஸ்), அவ்வளவுதான். 2014 பிப்ரவரியில், பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக 81 கிராஸ்கள், முடிவு 2-2. நடுவே பாஸ் கொடுத்து ஊடுருவ நடுக்கள வீரர் ஹுவான் மாட்டா வாங்கப்பட்டிருந்தும், அவரையும் ஓரத்தில் நிறுத்தினார்கள். எதிரணிக்கு வேலை சுலபம்: பெட்டியை அடைத்து நின்று தலையால் முட்டினால் போதும். அன்று ஃபுல்ஹாம் மேலாளர் யார் தெரியுமா? அதே மியூலன்ஸ்டீன்!

எவர்டன் வீரர் ஃபெலைனியை வாங்கிய பேரமும் சொதப்பல். 2.35 கோடி பவுண்டு கொடுத்தால் அவரை விடுவிக்கவேண்டும் என்ற ஒப்பந்த விதி காலாவதியாகும்வரை காத்திருந்து, கடைசி நாளில் 2.75 கோடி கொடுத்தார்கள். இதில் நிர்வாகத்துக்கும் பங்குண்டு. மோயஸுக்குக் கிடைத்ததும் வயதான அணிதான்: ஸ்கோல்ஸ் ஓய்வுபெற்றிருந்தார், ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா முப்பதைத் தாண்டியவர்கள். இளம் வீரர் யனுசாயை முதல் அணிக்குக் கொண்டுவந்ததும், ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியை எட்டியதும் மோயஸ் கணக்கில் வரவேண்டியவை.

மதிப்பெண்: ஐந்துக்கு ஒன்றரை.