வீட்டோடு வந்த அலாரம்: மூன்று வருட அனுபவம்

வீடு வாங்கும்போது 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, அப்ரூவல் பிளான், வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீல் வரிவரியாகப் படித்தார். மாடிப்படிக்கு அடியில் மாட்டியிருந்த தகரப் பெட்டியை மட்டும் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நிஜமான வில்லங்கம் அதற்குள் இருந்தது.

சென்னை நங்கநல்லூரில் தனி வீடு. 2022 ஆவணியில் கிரகப்பிரவேசம். விடியற்காலை நாலரை மணி, ஹோம குண்டத்தில் நெய் விட ஆரம்பித்த நேரம். சீரியல் செட் மாட்ட வந்த பையன் எதற்கோ மெயினை இறக்கினான். உடனே மாடிச் சுவரில் இருந்த சைரன் அலறத் தொடங்கியது. நாகஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பயந்துபோன பையன் ஏணியில் ஏறி, சைரனுக்குப் போகும் ஒயரையே வெட்டிவிட்டான். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஈரத் துண்டுகளைச் சுற்றிக் கட்டி, அது தானாக ஓயும்வரை இருபது நிமிடம் காத்திருந்தோம். சாஸ்திரிகள் நிதானமானவர். "மங்கள வாத்தியம்னு நெனச்சுக்கோங்கோ" என்றார்.

ஏன் அப்படி நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தவகை வெளிச் சைரனுக்குள் தனியாக ஒரு சிறு பேட்டரி உண்டு. பேனலிலிருந்து, அதாவது அலாரத்தின் மூளையான அந்தத் தகரப் பெட்டியிலிருந்து, வரும் கரண்ட் நின்றாலே, திருடன் ஒயரை வெட்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு அது கத்தும். சாதாரணமாக மெயின் போனாலும் பேனலில் இருக்கும் பெரிய பேட்டரி தாங்கிப் பிடிக்கும். எங்கள் பேனலில் அந்தப் பேட்டரி செத்து எத்தனையோ காலம். ஆக, அந்த வீட்டில் மெயினை இறக்கினாலே அலறல்தான்.

பெட்டியைத் திறந்தபோது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வயிறு ஊதிப்போய் வெளியே எடுக்க முடியாமல் சிக்கியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் 2014 என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். இந்த ரகப் பேட்டரி நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடினாலே பெரிய விஷயம். எட்டு வருடம் இரவு பகலாக சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பழைய வீடு வாங்குகிறவர்கள் மற்றதை விட்டாலும் இதைப் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சூடாக இருந்தால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். திருட்டுப் பயத்தை விட எனக்கு அந்தச் சூடுதான் பெரிய பயமாக இருந்தது.

எலக்ட்ரீஷியனும் மைத்துனரும் சொன்னது ஒன்றே: பிடுங்கிப் போடு, புதுசா ஒயர்லெஸ் போடு. விசாரித்தால் 25,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. நானோ சுவருக்குள் போயிருந்த ஒயரிங்கைப் பார்த்துவிட்டேன். குழாய்க்குள் இழுத்த நல்ல செம்பு ஒயர். அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

பழைய வீட்டுக்காரர் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். போனிலேயே நான்கு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டார். அது அலாரத்தைப் போடவும் எடுக்கவும்தான். அமைப்பை மாற்ற இன்ஸ்டாலர் எண் என்று தனியாக ஒன்று வேண்டும். பொருத்திய கம்பெனி இப்போது கிடையாது. மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடி எடுத்து, பேனலைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். ஒவ்வொரு கதவுக்கும் சென்சாருக்கும் பேனலில் இருக்கும் தனித்தனி இணைப்புக்கு ஜோன் என்று பெயர்; எல்லா ஜோன்களின் அமைப்பும் அழிந்து, முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஜோன் ஒயரின் கடைசியிலும், அதாவது கதவுப் பக்கத்தில், ஒரு ரெசிஸ்டர் (சின்ன மின்தடை) இருக்க வேண்டும். ஒயரை வெட்டினாலும் இரண்டையும் ஒட்டவைத்தாலும் பேனல் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். இங்கே எல்லா ரெசிஸ்டரையும் வசதியாகப் பேனலுக்குள்ளேயே மாட்டி வேலையை முடித்திருந்தார்கள். வழியில் எங்காவது இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால், அப்புறம் கதவு திறந்துகிடந்தாலும் பேனலுக்கு எல்லாம் சுபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒன்றைத் தவிர (அந்தக் கதை கடைசியில்) மற்ற எல்லாவற்றையும் கதவோரம் கொண்டுபோய் சால்டர் செய்தேன். மூன்று வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது.

மற்ற சாமான்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவில் கிடைத்தன. புதுப் பேட்டரி 1,100 ரூபாய். பழையதைக் கடைக்காரரே எடை போட்டு எடுத்துக்கொண்டார். வெளிச் சைரனைக் கழற்றிவிட்டு, மாடிப்படியில் உள்ளே பேட்டரி இல்லாத சாதாரண 12 வோல்ட் ஹூட்டர் வைத்தேன். ஒயரை வெட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும், தெரியும். இன்னொரு ஹோமத்தைக் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அலாரம் அடித்தால் நமக்குப் போன் போடும் கருவிதான் டயலர்; லேண்ட்லைனில் கூப்பிடும் பழைய டயலருக்குப் பதிலாக சிம் போடும் டயலர் வாங்கினேன். அது 2ஜி மட்டும் எடுக்கும் சாதனம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பது வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்ட பிறகுதான் உறைத்தது. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டவில்லை, பிறகு மாற்றிப் போட்ட வேறு கம்பெனி சிம்முக்கு அவ்வப்போது செய்யும் ரீசார்ஜ் தனி.

கதவு திறப்பதைப் பேனலுக்குச் சொல்லும் மேக்னட்டுகள் தங்கம். மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்று மாற்றினேன். உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் மோஷன் சென்சார் ஹாலில் இருந்தது, அதுதான் உயிரை வாங்கியது. முதல் மாதம் மட்டும் நான்கு முறை நள்ளிரவில் கத்தியது, நான்கும் பல்லி. தூரத்தில் ஆள் நடப்பதும் லென்ஸ் மேலேயே பல்லி ஊர்வதும் அதற்கு ஒன்றுதான். நான்காவது முறை மறுநாள் பக்கத்து வீட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ வரதுக்கு முன்னாடியும் இது இப்படித்தான் கத்தும்ப்பா, நாங்க எழுந்துகூடப் பார்க்க மாட்டோம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கே சென்சாரின் ஒயர் துளையை சிலிகான் வைத்து அடைத்தேன். பூச்சி உள்ளே போவது நின்றது, பல்லியும் குறைந்தது. ஆனாலும் மே மாதப் பிற்பகலில் அறையே உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு ஆளே தெரிவதில்லை, கிட்டே போய்க் கையாட்ட வேண்டியிருக்கிறது. இப்போது ஊருக்குப் போகும்போது மட்டும் அதைப் போடுகிறேன். அப்போதும் அலாரம் இருக்கிறதே என்று விடாமல், பூட்டிய வீடு என்று காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

அம்மா விஷயம் தனி. ஐந்தேகாலுக்குக் கோலம் போடக் கதவைத் திறப்பார், அலாரம் ஞாபகமே இருக்காது. வாசல் கதவைத் திறந்தபின் கீபேடில் எண்ணை அழுத்த 45 நொடி அவகாசம் கொடுத்து, கோலமாவு டப்பாவைக் கீபேடுக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். டப்பாவை எடுக்கக் கை போனாலே எண்ணும் ஞாபகம் வந்துவிடுகிறது. கீபேடின் பட்டன்கள் எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவே படுத்துவிட்டது. ஒரு வயதுப் பேட்டரியோடு பேனல் இரண்டாம் நாள் மாலைவரை தாக்குப்பிடித்து, கொஞ்ச நேரம் பீப் பீப் என்று முனகிவிட்டு அடங்கியது. "இந்தத் தண்ணியில நீந்தி வந்து எடுத்தான்னா எடுத்துட்டுப் போகட்டும்டா" என்றார் அம்மா. போன மாதம் பேட்டரியை மறுபடி மாற்றி, தேதியை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆறாவது ஜோன் மட்டும் எங்கே போகிறது என்று ரொம்ப நாள் பிடிபடவில்லை. மல்டிமீட்டரை வைத்து ஒயரைச் சோதித்தால் கதவு மூடியிருப்பதாகக் காட்டும், கதவைத்தான் காணோம். பெங்களூருக்குப் போன் செய்து கேட்டேன். "அதுவா சார், பின்கட்டுக் கதவு. வாஸ்து சரியில்லைன்னு செங்கல் வச்சு அடைச்சுட்டோம்" என்றார். ஒயரை முறுக்கிப் பூச்சுக்குள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூடப் பொய்யாகக் கத்தாத ஜோன் அதுதான்.