அம்மாவின் மச்சமும் இந்திய விசாவும்

இம்முறை திருகோணமலையில் நின்ற மூன்று கிழமையில் முழுதாக இரண்டு நாள் அம்மாவின் இடது கன்னத்தில் இருக்கும் ஒரு மச்சத்துக்காகப் போய்விட்டது. நிலாவெளிக்குப் போகவில்லை, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கவில்லை. கோணேசர் கோயிலைக்கூட ஒரு மாலைதான் அவசரமாகப் பார்த்தேன்.

அம்மாவுக்குச் சிதம்பரம் போக வேண்டும் என்று பல வருட ஆசை. கடைசியாக இந்தியா போனது பள்ளிக்கூடம் படித்த காலத்தில். ரயிலேறி, மாகோவில் மாறி, தலைமன்னாரில் இறங்கி, 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். 1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனதோடு அம்மாவின் இந்தியாவும் நின்றுபோனது. அந்தக் காலத்திலும் கடவுச்சீட்டும் விசாவும் இருந்தன. ஆனால் அவையெல்லாம் அம்மப்பாவின் தலையிடி. அம்மாவுக்குக் கடலும் கட்டுச்சோறும் மட்டும்தான் ஞாபகம். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் விட்டதிலிருந்து 'அதில் போவோம்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கடல் ஒத்துவராது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

என் விசாவை நோர்வேயில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துவிட்டேன். அம்மாவினதுதான் மிச்சம், அதற்குப் படம் வேண்டும். நான் குடியிருக்கும் பேர்கனில் கடவுச்சீட்டு கொடுப்பது பொலிஸ். படமும் அங்கேயே ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து எடுப்பார்கள். களவெடுத்துப் பிடிபட்டவன் போல முகம் விழுந்தாலும் அது அப்படியே பத்து வருடம் நிற்கும். இங்கே வேறு கதை.

இந்திய இ-விசாவுக்குப் படம் சதுரமாக இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை, கண்ணாடி கழற்ற வேண்டும். ஸ்டூடியோத் தம்பிக்கு நம்மூர்க் கடவுச்சீட்டின் நீலப் பின்னணியும் நீள்சதுரமும்தான் கைப்பழக்கம். அவன் கையில் எழுதியே கொடுத்தேன். தலையாட்டினான். அம்மாவின் தாடையை இரண்டு விரலால் மெல்ல நிமிர்த்தி, "அம்மா, சீப்பு இருக்கிறது, தலையை ஒருக்கால் இழுத்துவிடுங்கள்" என்றான். பேர்கன் பெட்டி இப்படியெல்லாம் கேட்காது என்று அப்போது மனம் இளகியதை ஒத்துக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் படம் தயார். அம்மா கண்ணாடி போடாமலே பார்த்து "வடிவாக இருக்கிறது" என்றார். நானும் அளவை மட்டும்தான் பார்த்தேன்.

அங்கிருந்து கொம்யூனிகேஷன், அதாவது கணினியில் விண்ணப்பம் போட்டுத்தரும் கடை. அங்கிருந்த தங்கச்சி விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தாள். தாய் தகப்பன் பிறந்த ஊர், சமயம், படிப்பு. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் பிரஜையாக இருந்தார்களா என்று வந்ததும் அம்மா சிரித்துவிட்டார். "என் அப்பப்பா மூதூருக்கு அங்கால் போனதே இல்லை, பிள்ளை." இந்தியாவில் தெரிந்தவர் யார் என்ற இடத்துக்குச் சிதம்பரத்தில் தங்கப்போகும் விடுதியின் முகவரியைக் கொடுத்தோம்.

'உடலில் வெளியே தெரியும் அடையாளம்' என்று ஒரு கட்டம். இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதச் சொன்னேன். பிறகு படத்தை ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, அம்மாவின் மச்சம் எங்கே?"

இல்லை. கன்னம் நெய் தடவிய தட்டுப் போலப் பளபளவென்றிருந்தது. நெற்றிச் சுருக்கமும் போயிருந்தது. நம்மூரில் மீன், இறைச்சிக்கும் மச்சம் என்றுதான் பெயர். ஸ்டூடியோத் தம்பி அம்மாவின் முகத்தைச் சுத்த சைவமாக்கிவிட்டான்!

பக்கத்திலேயே கடவுச்சீட்டின் பக்கம், அதில் மச்சத்தோடு அம்மா. நான் கொதித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குத் திரும்பினேன். வழியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த மான் ஒன்றுக்கு அம்மா ஆறுதலாக வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டு நின்றார். ஊருக்குள் மான் உலாவுவதை வெளிநாட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறவன் நான். அன்று அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது.

"எல்லோரும் எடுத்துவிடச் சொல்லித்தான் கேட்பார்கள், அண்ணா" என்றான் தம்பி. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அதற்கென்ன, திருப்பி வைத்துவிடலாம்." வைத்தான். வலது கன்னத்தில். அதுவும் மிளகு அளவில் இருந்தது கடலை அளவில். நான் சத்தம் போட, அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று கடை பூட்டும் நேரமாகிவிட்டது.

மறுநாள் புதிதாக எடுத்தோம். எதையும் தொடக்கூடாது என்று கணினிக்குப் பக்கத்தில் நானே காவல் நின்றேன். சுருக்கத்தோடு, மச்சத்தோடு, அம்மா. தம்பி இரண்டாம் முறைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். அதற்குமேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

அத்தோடு முடிந்ததா? படம் ஒரு மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும், கடவுச்சீட்டுப் பக்கம் பிடிஎஃப் வடிவில் 300 கிலோபைட்டுக்குள். எங்களுடையது அதைப்போல் பல மடங்கு. தங்கச்சி சுருக்கினாள், தளம் நின்றது, மறுபடி முதலிலிருந்து. பயணத்துக்கு நாலு நாளாவது முன்னதாகப் போட வேண்டும் என்பது விதி. என் கையில் ஆறு நாள் இருந்தது. கடவுச்சீட்டில் ஆறு மாதத் தவணையும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கிறதா என்று நோர்வேயிலிருந்தே தொலைபேசியில் அம்மாவை எண்ணவைத்திருந்தேன். அம்மாவின் முகத்தை எண்ணத்தான் தோன்றவில்லை.

அனுமதி மின்னஞ்சலில் வந்தது. அதை இரண்டு பிரதி அச்செடுத்தோம், ஒன்று அம்மாவின் கைப்பைக்குள் திருநீற்றுச் சரையோடு. யாழ்ப்பாணம் வரை பஸ், அங்கிருந்து பலாலி. சொல்ல ஒன்றுமில்லை.

சென்னையில் குடிவரவு மேசைக்காரர் அம்மாவின் விரல்களைக் கருவியில் வைக்கச் சொன்னார். தேங்காய் துருவித் தேய்ந்த பெருவிரல் மூன்றாம் தடவையில்தான் பதிந்தது. பிறகு கமராவைப் பார்க்கச் சொன்னார். அம்மா கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையால் முகத்தை ஒற்றினார், யாரும் கேட்காமலே இடது கன்னத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நேராப் பாருங்கம்மா" என்றார் அவர்.