பழைய டிராக்டரின் லிஃப்ட் ஆயில்: ஃபில்டரா, காந்தமா, மாற்றிவிடுவதா?

ஆற்காடு, குடியாத்தம், ஆரணி வட்டாரத்தில் முப்பது நாற்பது வயதான டிராக்டர்கள் இன்னும் வயலில் இறங்குகின்றன. என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் பார்ப்பவர்கள்கூடப் பின்பாகத்து ஆயிலை, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்காமல் மக்கர் பண்ணும்போதுதான் நினைக்கிறார்கள். அப்புறம் ஒருவர் ஃபில்டர் வைக்கச் சொல்வார், இன்னொருவர் காந்தம் போதும் என்பார், மூன்றாமவர் மொத்தமாக இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றச் சொல்வார். எது சரி என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது.

பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர் வகுத்த வழியில் வந்த லிஃப்ட். கியர்பாக்ஸ், கிரவுன் (பின் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரம்), ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், முப்பது லிட்டரை ஒட்டி. பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். கியர் பல்லில் தேயும் இரும்புத்தூளும், கியர் லீவர் ரப்பர் கிழிசல் வழியாக இறங்கும் புழுதியும், சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டும்போது சீல் தாண்டி வரும் சேற்றுத் தண்ணீரும் பம்ப் உறிஞ்சும் அதே ஆயிலில்தான் கலக்கின்றன. என்ஜின் பக்கத்தில் தனி கியர் பம்ப் வைத்த வண்டிகளின் கதை வேறு.

முதலில் ஃபில்டர். பலருக்கும் இதன்மேல்தான் ஆசை. தனி கியர் பம்ப் உள்ள வண்டியில், லிஃப்ட் சும்மா இருக்கும்போதும் பல மாடல்களில் ஆயில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் ரிட்டர்ன் லைனில், அதாவது ஆயில் தொட்டிக்குத் திரும்பும் குழாயில், ஒரு 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஸ்பின்-ஆன் ஃபில்டர், அதாவது திருகி மாட்டும் ஃபில்டர், வைத்தால் உழும் நேரமெல்லாம் அது வேலை செய்யும். செலவுக்குப் பலன் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் அவ்வளவு நெருக்கமான ஃபில்டரை வைக்கக் கூடாது. கெட்டி ஆயிலை அதன் வழியாக இழுக்க முடியாமல் பம்ப் திணறும், இரைச்சல் போடும், உள்ளே அரிக்கும். அந்தப் பக்கத்துக்குக் கம்பி வலை போதும்.

பெர்குசன் வகையில் நிலைமை தலைகீழ். அதில் கண்ட்ரோல் வால்வு பம்புக்கு ஆயில் வரும் வழியிலேயே இருக்கிறது. லிஃப்ட் கேட்டால்தான் பம்ப் ஆயிலை உறிஞ்சும், கேட்காதபோது ஓட்டமே கிடையாது. வேலை முடிந்த ஆயிலும் குழாய் வழியாகத் திரும்பாமல் நேராகக் கீழே தொட்டியில் விழுந்துவிடும். ரிட்டர்ன் லைனே இல்லாத வண்டியில் ரிட்டர்ன் ஃபில்டரை எங்கே வைப்பது? பிரஷர் பக்கம் என்றால் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் தாங்கும் ஃபில்டர் கூடு வேண்டும். என்ஜின் ஆயில் ஃபில்டரை அங்கே மாட்டினால் வெடித்துவிடும்.

டிப்பர் டிரெய்லர் ஓஸில் ஒரு ஃபில்டரைச் சொருகுவது இன்னொரு குறுக்கு வழி. டிரெய்லரைத் தூக்க ஆயில் போவதும் இறக்கும்போது திரும்புவதும் ஒரே ஓஸ் வழியாகத்தான். ஒரு பக்கம் பிடித்த அழுக்கை மறுபக்கம் ஓட்டம் அப்படியே பிடுங்கி உள்ளே தள்ளும். இதற்கு ஃபில்டர் இல்லாமலே இருப்பது மேல்.

காந்தம் மலிவு, மோசமும் இல்லை. டிரெயின் போல்ட்டில் காந்தம் இல்லாவிட்டால் காந்தம் வைத்த போல்ட் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆயில் இறக்கும்போது அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மை மாதிரி நுண்தூள் என்றால் வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக வந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். காந்தத்தில் எனக்குப் பிடித்ததே இந்த உளவு வேலைதான். மற்றபடி மணல், வெண்கலத்தூள், தண்ணீர் எதையும் அது தொடாது. பாலாற்று ஓரத்து வயலில் உழுபவருக்கு முக்கிய எதிரியே மணல்தான். கம்பி வலையும் அப்படித்தான்: 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்) வலையின் கண் சுமார் 150 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனைவிடப் பெரிது. பம்பின் இடைவெளிகளைத் தேய்க்கும் தூள் அதில் தாராளமாக நுழைந்துவிடும். வலையைக் கழுவினால் டீசலில் கழுவுங்கள், பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நூல் அடுத்த முறை வலையை அடைக்கும்.

ஆயிலை முழுக்க மாற்றுவதுதான் பழைய வழி, பெர்குசன் வகைக்கு இன்றும் என் முதல் ஓட்டு இதற்கே. தண்ணீர், நுண்தூள், வீரியம் செத்துப்போன சேர்மானம் (ஆயிலில் கலந்த ரசாயனம்) எல்லாம் ஒரேயடியாக வெளியேறும். காசு ஆகும் என்பது உண்மைதான், முப்பது லிட்டர் சும்மா வராது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கையேடு சொல்லும்; ஆனால் மணி மீட்டர் ஓடுகிற பழைய வண்டியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். பயிர்க் கணக்கு வைத்துக்கொள்வது எளிது. சம்பாவுக்குச் சேடை ஓட்டி, மழையும் ஓய்ந்த பிறகு, தையை ஒட்டி மாற்றினால் தண்ணீர் அதிகம் சேர்ந்த ஆயில் வெளியேறும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு, எல்லா டிரெயின் போல்ட்டையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் அடிச்சகதியில் பாதி உள்ளேயே தங்கும். புதுப் பேரல் ஆயில் தானாகச் சுத்தம் என்று நம்பவும் வேண்டாம், நெருக்கமான நைலான் துணியில் வடித்து ஊற்றுவது நல்லது.

நடுவில் சந்தேகம் வந்தால், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஆயில் டீ நிறத்தில் வெளுத்துக் கலந்திருந்தால் அப்படிப் பிரியாது. அப்போது சூடான பழைய தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக் கேளுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர்.

நாலாவது வழி வெளியே வைத்து வடிப்பது. சின்ன மோட்டார், கியர் பம்ப், 10 மைக்ரான் ஃபில்டர். டிரெயின் ஓட்டையில் உறிஞ்சி மேலே ஊற்றும். நிமிடத்துக்கு 10 லிட்டர் பம்ப் என்றால் முப்பது லிட்டர் ஒரு சுற்று வர மூன்று நிமிடம். ஆனால் சுத்தமானது அழுக்கோடு கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்று போதாது, அரைமணி நேரமாவது ஓட வேண்டும். ஆயில் சூடாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த கெட்டி ஆயிலில் ஃபில்டரின் பைபாஸ் (ஃபில்டருக்குள் போகாமல் தாண்டும் வழி) திறந்துகொண்டு அழுக்கு அப்படியே சுற்றி வரும். கத்திரி வெயிலில் நம் பக்கம் அந்தக் கவலை குறைவு. சாதாரணக் காகித ஃபில்டர் தண்ணீரைப் பிரிக்காது என்பதால் சேடை வண்டிக்கு இது மாற்று ஆகாது. ஒரே வண்டிக்காக வாங்குவது வீண். நாலைந்து வண்டி வாடகைக்கு ஓட்டுபவர் வைத்துக்கொண்டால் இரண்டு மாற்றங்களுக்கு நடுவே பயன்படும்.

இந்த நாலும் உள்ளே வந்த அழுக்கைத் துரத்துபவை. வராமல் தடுப்பதில் பலர் கோட்டைவிடும் இடம் டிப்பர் டிரெய்லர். எருவுக்கும் ஏரி வண்டலுக்கும் ஒரே டிரெய்லர் ஊரெல்லாம் சுற்றுகிறது. நூறு மில்லிமீட்டர் உள்விட்டம், ஒரு மீட்டர் ஏற்றம் உள்ள சிலிண்டர் எட்டு லிட்டர் அளவு ஆயில் குடிக்கும். இறக்கும்போது திரும்பி வருவது உங்கள் ஆயில் மட்டும் அல்ல, நேற்று இழுத்தவர் வண்டி ஆயிலும் சேர்த்துத்தான். கப்ளர் (ஓஸை வண்டியில் மாட்டும் இணைப்பு) முனையில் மண் ஒட்டியிருந்தால் அதுவும் உள்ளே போகும். முனைக்கு மூடி போடுங்கள், மாட்டும் முன் துடையுங்கள். ஆயுத பூஜை வாட்டர் சர்வீஸில் பிரீதர் (காற்றுத் துளை), கியர் லீவர் பக்கம் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

என் சிபாரிசு: பெர்குசன் வகை வண்டிக்கு வருடாந்திர மாற்றமும் காந்த போல்ட்டும், தனி பம்ப் வண்டிக்கு ரிட்டர்ன் ஃபில்டர். கடைசியாக ஒரு விஷயம்: ஆயில் சுத்தமாக இருந்தும், என்ஜினை நிறுத்தியதும் தூக்கிய கலப்பை மெல்ல இறங்குகிறது என்றால் அது சிலிண்டர் ரிங், சீல் அல்லது வால்வு கசிவு. அதற்கு லிஃப்ட்டின் மேல்மூடியைத் திறந்துதான் ஆகவேண்டும்.