ஹெச்டிஎம்ஐ ஓட்டை: லினக்ஸ் போட்ட லேப்டாப்பும் வெளி மானிட்டரும்

நான் வைத்திருக்கும் அதே லேப்டாப் மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கி லினக்ஸ் போட்டுக்கலாமா? வீட்ல பெரிய மானிட்டர் வேற சும்மா கிடக்குது" என்று நண்பர் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். பிராசஸர், ரேம் விவரமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் வெளி மானிட்டரைச் செருகும் அந்த ஹெச்டிஎம்ஐ ஓட்டையைப் பற்றித்தான்.

வாங்கிய கையோடு விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸில் ஒரு வகையான டெபியன் 12 போட்டேன். வைஃபை, டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் எல்லாம் எடுத்த எடுப்பிலேயே வேலை செய்தன. அப்புறம் 27 அங்குல 4கே மானிட்டரை ஹெச்டிஎம்ஐயில் செருகினேன். படம் வந்தது. ஆனால் மவுஸ் அம்பு விட்டு விட்டுத் தாவியது. ஒரு விண்டோவை இழுத்தால் அது யோசித்து யோசித்து வந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேனும் இரைய ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். இதில் கிராஃபிக்ஸ் இரண்டு: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் ஒன்று, கேம் ஆடுகிறவர்களுக்காகத் தனி கார்டு ஒன்று. லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெல்லோடு இணைந்திருக்கிறது. ஹெச்டிஎம்ஐ ஓட்டையோ போர்டிலேயே தனி கார்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இன்டெல் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் தனி கார்டின் மெமரிக்குக் காப்பியாகி, அங்கிருந்துதான் மானிட்டருக்குப் போகிறது. நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்து வீட்டு ஹால் வழியாகப் போய் வருவது மாதிரி. சும்மா ஒரு கடிதம் டைப் அடிப்பதற்கும் அந்தக் கார்டு முழித்துக்கொண்டு சூடாக வேண்டும். சில மாடல்களில் பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) இதை மாற்றிவிட ஒரு வசதி இருக்கும். இதில் இல்லை. எந்த ஓட்டை எந்தக் கார்டுக்குப் போகிறது என்று பெட்டியிலும் போடவில்லை, கையேட்டிலும் போடவில்லை.

கார்டு தயாரிப்பாளரின் சொந்த டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் போட்டால் சரியாகும் என்றார்கள். ஓரளவு ஆனது, அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அந்த டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலுக்கு வெளியே இருப்பது. கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அதைப் புதிய கர்னலுக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்ய (மூல நிரலிலிருந்து உருவாக்க) வேண்டும். கையெழுத்திடாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் வேறு இருந்தால், அந்தக் கையெழுத்துக்கான சாவியைப் பதிய ஒரு நீலத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும். கம்பைல் நடுவில் தோற்றுப்போனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், மறுநாள் மானிட்டர் கறுப்பாக நிற்கும்போதுதான் தெரியும். எனக்கு அது ஆன்லைன் மீட்டிங் தொடங்கும் நேரத்தில் தெரிந்தது.

கீல் உடைந்து சர்வீஸ் சென்டருக்குப் போனபோது இதையும் கேட்டுப் பார்த்தேன். கீலை ஒழுங்காக, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஹெச்டிஎம்ஐ என்றதும், "விண்டோஸ் போட்டு எடுத்துட்டு வாங்க சார், பார்க்கலாம்." லினக்ஸுக்கு ஆதரவு உண்டு என்று அவர்கள் எங்கேயும் சொன்னதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது மென்பொருள் உதவி இல்லை. எந்த ஓட்டை எந்தக் கார்டுக்கு என்று ஒரு வரி. அதற்கு எதற்கு விண்டோஸ்?

கடைசியில் வழி கிடைத்தது இடது பக்க டைப்-சியில். சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போய்ப் பார்த்தால் கர்னல் ஒவ்வொரு திரை வாசலையும் எந்தக் கார்டின் கீழ் வைத்திருக்கிறது என்று தெரியும். டைப்-சி வழியாகவும் போகக்கூடிய, ஹெச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு திரை இணைப்பான டிஸ்ப்ளே போர்ட்டின் பெயர் இன்டெல் கார்டின் கீழ் இருந்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று வாங்கிச் செருகினேன். 4கே, 60 ஹெர்ட்ஸ், ஒரு டிரைவரும் போடாமல்! தனி கார்டு தூங்கிவிட்டது, ஃபேனும் அடங்கிவிட்டது. லினக்ஸில் திரையைக் கையாளும் வேலண்டில் எழுத்து அளவை மானிட்டருக்கு 200 சதவீதம், லேப்டாப் திரைக்கு 100 என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு ஹப் வழியாக முயன்றபோது 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை. பல ஹப்கள் டைப்-சியின் நான்கு லேன்களில் (தகவல் போகும் பாதைகளில்) இரண்டை யூஎஸ்பி 3க்கு எடுத்துக்கொள்ளும், மிச்ச இரண்டுதான் படத்துக்கு. அதனால் நேரடிக் கேபிளே நல்லது. போனோடு வரும் சார்ஜிங் கேபிளை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அதில் படம் போகாது.

பொதுவாகவே லினக்ஸ்காரர்களுக்கு டிஸ்ப்ளே போர்ட்தான் ஒத்துவரும். ஹெச்டிஎம்ஐயின் புதிய பதிப்பான 2.1-ஐத் தன் திறந்த மூல (யாரும் நிரலைப் பார்க்கக்கூடிய) டிரைவரில் சேர்க்க கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான ஏஎம்டி கேட்டதற்கு, அந்தத் தரத்தை வகுக்கும் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஓட்டைக்கு டிரைவர் எழுதவும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது!

இப்போது என் மேஜையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கீபோர்டு அருமை, பேட்டரி நன்றாக நிற்கிறது, இதை விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். இதே மாடலில் தனி கார்டு இல்லாத மலிவு வகை ஒன்று இருக்கிறது. அதில் கிராஃபிக்ஸே ஒன்றுதான், எந்த ஓட்டையில் செருகினாலும் இன்டெல்லுக்குத்தான் போகும். அதை வாங்குங்கள். கேம் ஆடியே ஆக வேண்டும், கார்டு வேண்டும் என்றால் விண்டோஸோடு கிடக்கட்டும், என்னிடம் கேட்காதீர்கள்.