ஃபைபர் படகில் 7×50 பைனாகுலர்: தூரம் பார்க்க எவ்வளவு உதவுகிறது?

பட்டினப்பாக்கத்திலிருந்து மாமாவின் ஃபைபர் படகில் போகும்போதெல்லாம் இது என் கழுத்தில்தான் தொங்கும். வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. உள்ளே மில் கோடுகளும் (மில் என்பது கோணத்தை அளக்கும் சின்ன அலகு) திசைகாட்டியும் உள்ள வகை. கடையில் 10×50 எடுக்கச் சொன்னார்கள். படகு ஆடும்போது ஆட்டமும் சேர்ந்துதான் பெரிதாகும். ஏழு மடங்கே தாராளம்.

பகலில் கோடுகள் நன்றாக வேலை செய்கின்றன. பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, அது எத்தனை மில் தெரிகிறதோ அதால் வகுத்தால் தூரம் வந்துவிடும். மெரினா கலங்கரை விளக்கத்தின் விளக்கு கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரம். அது 15 மில் காட்டினால் 3,800 மீட்டர், ஏறக்குறைய 2 கடல் மைல். ஐந்தரை கிலோமீட்டர் தாண்டினால் அடிவானம் கீழ்ப்பகுதியை விழுங்க ஆரம்பிக்கும், கணக்கும் கெடும்.

கப்பல் என்றால் சிக்கல். உயரம் தெரியாது, அதே கப்பல் சரக்கு இறக்கியபின் எழும்பி நிற்கும், ஏற்றியபின் அமுங்கி நிற்கும். கன்டெய்னர் கப்பலுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஒரு பெட்டி சுமார் 2.6 மீட்டர் உயரம் (சிலது 2.9). ஐந்து அடுக்கு 5 மில்லில் அடங்கினால் தூரம் 2.6 கிலோமீட்டர் சொச்சம். கை நடுங்கி ஒரு மில் தவறினாலே அரை கிலோமீட்டர் போய்விடும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

இரவில் கோடுகள் எதற்கும் ஆகாது. விளக்கு வெறும் புள்ளி, அளக்க உயரமே இல்லை. வெளிச்சத்தை நம்பவும் முடியாது: தூரத்து விசைப்படகின் எல்இடி பக்கத்தில் இருப்பதுபோல் கண்ணைப் பறிக்கும், பக்கத்தில் வலை போட்டிருக்கும் சின்னப் படகின் மங்கல் விளக்கு எங்கோ இருப்பதாகத் தோன்றும். அப்போது உதவுவது 50 மி.மீ. அகல முன் லென்ஸ்தான். வெறும் கண்ணுக்கு ஒரே விளக்காகத் தெரிவது இதில் பிரியும். மேலே இரண்டு வெள்ளை, கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் பெரிய கப்பலின் மூக்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. உடனே திசைகாட்டியில் பாகையைக் குறித்து, சில நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். பாகை மாறாமல் விளக்கு மட்டும் நெருங்கினால் மோதும் வழிதான். எத்தனை மைல் என்று தெரிய வேண்டியதே இல்லை. மாமாவுக்குக் கருவி வேண்டாம். படகை நேராக ஓட்டிக்கொண்டே முன் கம்பத்துக்கு எந்தப் பக்கம் விளக்கு நகர்கிறது என்று பார்ப்பார். "அசையலைனா நாமதான்டா ஒதுங்கணும்" என்பார்.

இரவில் தூரத்தை ஓரளவு சரியாகச் சொல்வது கலங்கரை விளக்கம்தான். மெரினா விளக்கின் வீச்சு 28 கடல் மைல் என்று போட்டிருந்தாலும், பூமி வளைவதால் நம் படகில் நிற்பவருக்கு 18 அல்லது 19 கடல் மைலுக்குள் வந்தால்தான் விளக்கே தெரியும். அதுவரை வானத்தில் வீசும் வெளிச்சம் மட்டும்தான். எழுந்து நின்றால் விளக்கு தெரிகிறது, உட்கார்ந்தால் மறைகிறது என்றால் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறோம்.

குறைகளும் உண்டு. இரண்டாவது வருடமே திசைகாட்டிக்குள் காற்றுக்குமிழ் வந்துவிட்டது. அதன் விளக்கின் பேட்டரி மூடிக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிட்டது. விற்றவர்கள் 'சர்வீஸுக்கு அனுப்புகிறோம்' என்பதோடு சரி. லென்ஸில் உப்பு காய்ந்தால் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்து வாங்கினால் மில் கோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விளக்குள்ள திசைகாட்டி கட்டாயம் வேண்டும். பேட்டரி மூடியைக் கடையிலேயே கழற்றி, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.